தூறல் குத்திய பேருந்தும் விண்ணிலிருந்து வரும் இரும்பும்

என் மனைவியின் அண்ணன் பி.எஸ்சி. நான் பத்தாவதைத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் எங்கள் ஊரான கருங்குழியின் நூலகத்தில் நானாகப் படித்தது. அவர் மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில் ஒரு விஷயம் சொன்னேன். விண்வெளியில் பாய்ந்து வரும் இரும்பின் அணுக்கருவை, வழியில் பரவியிருக்கும் வெளிச்சமே அடித்துத் தூளாக்கும் என்று.

"வெளிச்சம் இரும்ப ஒடைக்குதாம்! சாவி தொலஞ்சு போச்சு மாப்ள, டார்ச்ச அடிச்சு பீரோவத் தெற!" என்றார். பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

ஆகவே, அணுக்கரு ஆய்வாளர்கள் மாமல்லபுரத்தில் கூடுகிறார்கள், ஒரு மாலை மட்டும் பொதுமக்களுக்குத் தமிழில் உரை என்று தெரிந்ததும் அவரை அழைத்தேன். தோற்றவர் அந்தப் பெண்ணின் கல்யாண மண்டபத்தில் எல்லார் முன்னும் தோற்றதைச் சொல்ல வேண்டும் என்று பந்தயம்.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. பகல் ஒரு மணிக்குக் கருங்குழியில் ஏறினோம். செங்கல்பட்டுக்கு முக்கால் மணி நேரம். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி நேரம் ஆகும். (சனிக்கிழமை கூட்டம் அதிகம். பேருந்து நிலையத்திலேயே ஏறினால்தான் இடம்.)

வழியில் தூறல் பிடித்தது.

"ஜன்னல மூடு மாப்ள. மூஞ்சில ஊசி குத்தறா மாதிரி கீது."

"போன ஸ்டாப்பிங்ல வண்டி நின்னுகினு இருந்தப்ப குத்திச்சா? அதே தூறல்தான மச்சான்? வண்டி வேகந்தான் குத்துது."

"மழ வேற, வெளிச்சம் வேற. மூடுய்யா!"

மூடவில்லை. அடுத்த வளைவில் பேருந்து ஆடியது; நின்றவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். படியில் தொங்கியவரின் செருப்பு ஒன்று கழன்று சாலையில் விழுந்தது. வண்டி நிற்கவில்லை. நடத்துநர் கத்தினார். "செருப்போட போச்சு நைனா! நீ வுழுந்திருந்தா எனுக்குத்தான் பேஜாரு. உள்ள வா!"

கடற்கரையை ஒட்டிய சிறிய அரங்கம். பேசியவர் இளம் ஆய்வாளர், ஒரு பெண். பிரபஞ்சம் பிறந்த காலத்து வெளிச்சம் குளிர்ந்து மெலிந்து இன்னும் எங்கும் நிறைந்திருக்கிறது என்றார். ஆனால் ஒளியின் வேகத்தைக் கிட்டத்தட்டத் தொட்டு வரும் அணுக்கருவுக்கு, அதே மெல்லிய வெளிச்சம் காமா கதிராக வந்து மோதும். நான் மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். "அப்போ இரும்பு ஒரே அடியில தூளாயிடும், சரிதானேம்மா?"

"இல்லீங்க ஐயா. அடி விழுந்ததும் புரோட்டான்லாம் ஒரு பக்கம், நியூட்ரான்லாம் எதிர்ப்பக்கம் சாஞ்சு ஆடும். அந்த ஆட்டத்துல பெரும்பாலும் ஒண்ணு ரெண்டுதான் கழண்டு விழும். மிச்சம் அப்படியே போயிட்டிருக்கும். அடுத்த அடி எப்பவோ."

உட்கார்ந்தேன். செருப்பு விழுந்தது, பேருந்து போய்க்கொண்டே இருந்தது. இரும்பாகப் புறப்பட்டது, கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு, இன்னதென்று தெரியாத வேறொன்றாக நம் தலைக்கு மேல் வந்து சேர்கிறது. அது என்னவாகக் கிளம்பியது என்று அறிய, இங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு தகட்டின் மீது காமா கதிரைப் பாய்ச்சி எது எத்தனை கழல்கிறது என்று எண்ணுகிறார்கள். பல தனிமங்களுக்கு அந்தக் கணக்கு இன்னும் சரியாக இல்லையாம். வானத்தின் கேள்விக்கு விடை ஒரு தகட்டில் இருக்கிறது!

வெளியே அலைச் சத்தம். மச்சான் சொன்னார்: "வெளிச்சம் அடிக்கும்னு மண்டபத்துல நான் சொல்லிடறேன். தூளாவும்னியே, அத்த யாரு சொல்றது?"

பந்தயம் வெளிச்சம் அடிக்குமா என்பதற்கு மட்டும்தான். தூள் என்றது தவறு, இங்கே எழுதிவிட்டேன். மண்டபத்தில் சொல்ல மாட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: இத்தகைய உரைகளுக்குப் பட்டம் கேட்பதில்லை, பயப்படாமல் கையைத் தூக்குங்கள். இருட்டுவதற்குள் செங்கல்பட்டுப் பேருந்தைப் பிடித்துவிடுங்கள். மழைக்காலமானால் ஜன்னலோரம் உட்காருங்கள்.

அன்று திரும்பும்போது எங்களுக்கும் ஜன்னலோரம் கிடைத்தது. மச்சான் முந்திக்கொண்டார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மறுபடி தூறல். அவர் ஜன்னலை மூடவில்லை.