பன்னிரண்டரை மணி மீல்ஸ்

போன மாதம் திருவொற்றியூர் டீக்கடைகளில் ஒரு வதந்தி ஓடியது. கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் பட்டம்மாள், சாம்பார் வாளியைச் சூப்பர்வைசர் தலையில் கவிழ்த்துவிட்டாளாம். முதல் கடையில் சாம்பார் கொதித்தது. அடுத்த கடையில் அது ரசமானது. மூன்றாவது கடையில் சூப்பர்வைசர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்று கடையிலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் விசாரிக்கப் போனேன்.

சந்தோஷம் போய்விட்டது. வாளியில் சாம்பாரே இருந்திருக்கவில்லை.

பட்டம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். காலி கன்டெய்னருக்குள் இறங்கி, முன்பு வந்த சரக்கின் நாற்றம் போகக் கழுவுவது வேலை. வெளியே வெயில் என்றால் உள்ளே அடுப்பு. ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட், ஐந்து வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மயக்கம் வரும் என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருக்கிறார். கம்பெனியிடம் யார் சொல்வது?

கேன்டீனில் ஒரு வரிசை உண்டு. பன்னிரண்டரைக்கு நிரந்தர ஊழியர்கள், பிறகு ஆபீஸுக்கு வந்த விருந்தாளிகள், பிறகு டிரைவர்கள். கழுவும் பெண்கள் எட்டுப் பேருக்கும் இரண்டேகால். அதற்குள் கரண்டி வாளியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் கன்டெய்னருக்குள்ளேயே பட்டம்மாள் மயங்கி விழுந்தார். தெளிந்ததும் சூப்பர்வைசர் எபினேசரிடம் போய், எங்களையும் பன்னிரண்டரைக்கு விடுங்கள் என்று கேட்டார். எபினேசர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தாத மனிதர். ஒப்பந்தத் தாளை எடுத்து விரல் வைத்துக் காட்டினார்.

"இங்க பாரும்மா, மீல்ஸ்னு போட்டிருக்கு. மீல்ஸ் தாரோம்லா? நேரம்னு எங்கயாவது இருக்கா?"

யார்டு டிரைவர் ஒருவர் சொல்லி இதைக் கேட்ட ஆத்திரத்தில் அகராதியைத் திறந்தேன். மீல் என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளில் சோறும் கிடையாது, ரொட்டியும் கிடையாது. அளவு, குறித்த நேரம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் தின்பதற்கு அந்தப் பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. மாவுக்கும் அங்கே மீல் என்று பெயர் உண்டு. அது வேறு வேர், அரைப்பதிலிருந்து வந்தது. நாம் சொல்லை வாங்கும்போது நேரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒற்றை இலைக்கும் ஒரு 'ஸ்' சேர்த்து, சாம்பார் ரசம் மோர் அப்பளத்தோடு போர்டில் எழுதிவிட்டோம். இட்லி தின்றால் மீல்ஸ் கிடையாது, புரோட்டா தின்றாலும் கிடையாது. ஆக, எபினேசர் நீட்டிய தாளில் நேரம் இருக்கத்தான் இருந்தது. கம்பெனிக்குப் பிடித்தது அரைக்கிற வேர்.

எபினேசர் தாளைக் காட்டிய மறுநாள் பன்னிரண்டரைக்கு, கேன்டீன் வாசலில் கிடந்த காலி வாளியைப் பட்டம்மாள் எடுத்துப்போனார். டிரெய்லர்கள் வெளியேறும் பாதையின் நடுவே அதைக் கவிழ்த்தார். வதந்தியில் இந்த ஒரு சொல் மட்டும் நிஜம். அதன்மேல் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறந்தார். மற்ற ஏழு பேரும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். பதினோரு டிரெய்லர்கள் ஹாரன் அடித்தன. எபினேசர் ஓடிவந்தார்.

"துன்னுகினு கீறேன் சார். ஒரு மணிக்கு வா."

ஒரு மணிக்கு எழுந்து, வாளியைக் கழுவி வைத்தார். கேட் பாஸைப் பிடுங்கி அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் திருப்பிக் கொடுத்தார்கள். மனம் இளகிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மீன் தூள் ஏற்றி வந்த கன்டெய்னருக்குள் இறங்க வேறு ஆள் அகப்படவில்லை. இனி பன்னிரண்டரையிலிருந்து இருபது நிமிஷம் என்று எட்டுப் பேருக்கும் வாயால் சொன்னார்கள். அந்த நேரம் தாளில் மட்டும் ஏற மறுத்துவிட்டது.

அந்த இருபது நிமிஷத்தில்தான் அவரைக் கேட்டருகே பிடித்தேன். யார்டில் நடந்ததையெல்லாம் அவர் வாயாலும் கேட்டுவிட்டு, அகராதியில் கண்டதையும் பெருமையாக விளக்கினேன். டிபன் பாக்ஸைத் திறக்காமல், மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு வேள சோறுன்றோம். வேளன்னா நேரந்தான நைனா? இதுக்கு இன்னாத்துக்கு இங்கிலீசு புக்கு?"

எபினேசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்து நின்றார். பட்டம்மாள் அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மீதியை மூடினார்.

"பத்து நிமிஷம் உன்னாண்ட பூட்ச்சு. அத்த நீதான் தரணும்."

தருகிறேன் என்றேன். எப்படித் தருவது என்று இன்றுவரை தெரியவில்லை. மாத்திரையை அவர் காலையிலேயே போட்டிருந்தார்.