காரோடு போன சாவி

லிஃப்ட் பழுது பார்ப்பவனுக்கு லீவு என்று ஒன்று கிடையாது. லீவு எழுதிக் கொடுக்கலாம், மேலதிகாரி கையெழுத்தும் போடுவார். ஆனால் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே எந்த லிஃப்ட் நின்றாலும் என் போன்தான் முதலில் அடிக்கும். பதினோரு வருடமாக இதுதான் கதை. எத்தனை மணிக்கு வருவேன் என்று வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை. சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை மட்டும் சொல்லியிருந்தேன். மனைவிக்கு சர்க்கார் வேலைக்கான தேர்வு, மதியம் ஒன்றரைக்கு, நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில். ஒன்றரை ஆனால் வாசலை அடைத்துவிடுவார்கள். வயது வரம்பு அவளுக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் வேறு தேர்வு இல்லை. அவள் களியக்காவிளை எல்லைக்கு அந்தப்புறம் தமிழில் படித்தவள்; தேர்வோ மலையாளத்தில். எங்கள் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது மகளின் பாடப்புத்தகத்தை வைத்துத்தான் இவளும் மலையாள எழுத்துப் படித்தாள். கேள்வி பதில்களைத் தன் குரலில் போனில் பதிந்துவைத்து, தேங்காய் திருவும்போது கேட்டுக்கொண்டிருப்பாள். மூன்று வருடம் எங்கள் அடுக்களையில் அந்தக் குரல்தான்.

கார் ஓட்டவும் அவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். சபைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் பழைய காரை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவோம். நான் நல்ல வாத்தியார் இல்லை, கத்துவேன். வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது, பார்க்கவும் கூடாது என்பதில் மட்டும் வெறி பிடித்தவனாக இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அவள் போனுக்கு அடிப்பேன். போன் இருக்கும் பையின் பக்கம் கண் போனால் அன்றைய பாடம் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு மாதத்தில் அவள் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் வெளிக்கதவைத் திறக்க ஒரு முக்கோணச் சாவி வேண்டும். ஒருமுறை அதை வீட்டில் மறந்துவிட்டுப் போய் நாலு பேர் முன்னால் முழித்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தச் சாவியைக் கார் சாவி வளையத்திலேயே கோத்துவிட்டேன். நான் எங்கே போனாலும் காரில்தானே போகிறேன், இனி எப்படி மறக்கும்? இந்த யோசனையை உடன் வேலை செய்பவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஊரான கொல்லயிலில் இருந்து கிளம்பினோம். உதியன்குளங்கரை சந்திப்பில் போன் அடித்தது; வண்டியை ஓரமாக நிறுத்தி எடுத்தேன், ஆபீஸிலிருந்து. பாறசாலையில் மூன்று மாடித் துணிக்கடை. கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு அம்மாவும் மகளும் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். அம்மாவுக்கு மூச்சிழுப்பு நோய். என்னை விட்டால் இருக்கும் ஒரே மெக்கானிக் நாகர்கோவிலில் இருக்கிறான். லீவு என்று சொன்னேன். ஆபீஸ் பெண் மலையாளத்தில் கிட்டத்தட்ட அழுதாள்.

போனை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். மனைவிக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"நீங்க எறங்கி ஆட்டோ பிடிச்சு போங்க. வண்டிய நான் கொண்டு போறேன்."

"ஹைவேயில நீ தனியா ஓட்டினதே இல்லியே."

"பின்ன எதுக்காக்கும் படிச்சது? இழுப்புள்ள அம்மை உள்ள கெடக்கு. போங்க."

கருவிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சாவி வண்டியிலேயே இருந்தது. அதோடு தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

கடைக்குப் போய், நின்றிருந்த லிஃப்டின் கதவுக்கு முன்னால் பைக்குள் கைவிட்டபோதுதான் முக்கோணச் சாவி காரோடு போனது தெரிந்தது. உள்ளேயிருந்து மூச்சு இழுக்கும் சத்தம் வெளியே கேட்டது. மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் அறைக்குப் போனால் கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவரலாம்; மட்டத்துக்கு வந்துவிட்டால் சாவி இல்லாமலே கதவு திறக்கும். அந்த அறையும் பூட்டியிருந்தது.

"தாக்கோல் மேனேஜர் கையில உண்டு சாரே," என்றார் காவல்காரர். "அவரு சோறு திங்க வீட்டுக்குப் போயாச்சு. நான் போய் எடுத்துட்டு வாறேன்."

சாவி வாங்க அவர் சைக்கிளில் போனார். அவர் வரும்வரை பொறுத்திருக்கலாம். எனக்குப் பொறுமை கிடையாது. மனைவிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன்: "லிஃப்ட் தாக்கோல் வண்டி தாக்கோலோட உன்கிட்ட இருக்கு. இஞ்ச அம்மைக்கு மூச்சு முட்டுது." அவளை வரச் சொல்லவில்லை. அப்படித்தான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

காவல்காரர் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். அவர் பிரேக்கை விடுவித்துப் பிடிக்க, நான் சக்கரத்தைச் சுற்றினேன். லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கி மட்டத்துக்கு வந்து கதவு திறந்தது. கீழே போய் அந்த அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்த பிறகுதான் போனை எடுத்தேன். மனைவியிடமிருந்து ஒரே சொல்: "வாறேன்." அனுப்பி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

தேர்வு நடக்கும் பள்ளி வாசல்வரை போய், வண்டியை நிறுத்தி, செய்தியைக் கேட்டு, திரும்பியிருக்கிறாள்.

உடனே கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி, மறுபடி. அவள் இப்போது திரும்பினால்கூட பள்ளிக்கு உள்ளே போய்விடலாம். அந்தப் பையும், அதற்குள் அலறும் போனும், சாலையை விட்டு அசையாத அவள் கண்ணும் எனக்குத் தெரியும். நான் கத்திக் கத்திக் கற்றுக்கொடுத்தது. எடு பிள்ளே, ஒரே ஒரு தடவை எடு என்று கடை வாசலில் நின்று முனகினேன். பதினாலு முறை கூப்பிட்டேன்.

ஒன்று இருபதுக்குக் கார் வந்தது. இறங்கி ஓடிவந்து சாவி வளையத்தை என் கையில் வைத்தாள். முகமெல்லாம் வியர்வை.

"ஒரு இடத்திலயும் வண்டி ஆஃப் ஆவல்ல. நீங்க அத்தன தடவ அடிச்சீங்க, நான் திரும்பியே பாக்கல்ல."

பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"வெளிய எடுத்தாச்சா?"

"ஆச்சு."

"எப்ப?"

சொன்னேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வா, நான் ஓட்டுறேன், போய்ப் பாப்போம்," என்றேன்.

"அமரவிளை பாலம் கடக்கவே அரைமணிக்கூர் ஆவும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு அவளே ஓட்டினாள். நான் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். ஹால் டிக்கெட் பையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. எந்தத் தவறுக்கு முதலில் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

கொல்லயில் திருப்பத்துக்கு முன்னால் பைக்குள் போன் அடித்தது. சித்தி வீட்டில் விட்டு வந்த மகளாகத்தான் இருக்கும். பரீட்சை முடிந்ததோ இல்லையோ, எப்படி எழுதினாய் என்று கேட்க அந்தப் பிள்ளை கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பாள். மனைவி சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓட்டாமல் உட்கார்ந்திருந்த நானும் போனை எடுக்கவில்லை.