எஞ்சினுக்கு விபூதி

மாட்டுங்காவில் எங்கள் கட்டட வாசலில் நிற்கும் என் காருக்கடியில் தினமும் ஆயில் சொட்டியது. எஞ்சினைத் துடைத்துப் பவுடர் தூவினால், ஒழுகும் இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுக்கும். வீட்டில் பவுடர் தீர்ந்திருந்தது. பூஜை அலமாரியிலிருந்த விபூதியைத் தூவி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். ஆயில் ஃபில்டரைச் சுற்றி மட்டும் விபூதி சேறாகியிருந்தது. மல்லாந்து படுத்து, முதுகு பிடித்துக்கொள்ள, ஃபில்டரை இறுக்கினேன். ஒழுகல் நின்றது.

மேல்மாடி மாமா இத்தனையையும் கைகட்டி நின்று பார்த்தார். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

"என் கார்லயும் ஆயில் ஒழுகறதுப்பா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிடித்த முதுகோடு ஸ்பேனரைத் தேடி எடுத்தேன்.

"ஸ்பேனர் கிடக்கட்டும். அது எந்தக் கோயில் விபூதி?"