எண்ணூறுக்கு அறுநூறு

என் கடையில் இப்போது இருக்கும் திரையில் குறுக்கே மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது புள்ளிகள், நெடுக்கே இரண்டாயிரத்து நூற்று அறுபது. வாங்கி வந்த அன்று பெட்டியில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு பழைய விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன். எண்பத்திரண்டு லட்சத்துச் சொச்சம் வந்தது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். தப்பு விட்டிருப்பேன் என்று கால்குலேட்டரிலும் போட்டேன். சரியாகத்தான் இருந்தது. நான் ஓர் எழுத்தைத் தட்டினால் அத்தனை புள்ளிகளுக்கும் தன் தன் நிறம் தெரிகிறது, ஒன்றுகூடத் தடுமாறுவதில்லை. நானோ வீட்டைப் பூட்டினேனா இல்லையா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவன்.

முதன்முதலில் நான் கம்ப்யூட்டரைத் தொட்டது செங்கல்பட்டில், ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில். அங்கே திரை அறுநூற்று நாற்பதுக்கு நானூற்று எண்பது. அப்போது எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. எழுத்துகள் படிக்கட்டு மாதிரி இருந்ததுதான் தெரியும். நேர்க்கோடு நேராக வரும், சாய்ந்த கோடு படி படியாக இறங்கும். 'ஐ' என்று அடித்தால் கையில் எடுக்கும்போதே உடைந்துபோன முறுக்கைப் போல வந்து உட்காரும். அதற்கே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

பிறகு மதுராந்தகத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நாலு பழைய கம்ப்யூட்டர்களை வைத்து பிரவுசிங் சென்டர் போட்டேன். எல்லாம் பின்பக்கம் தொப்பை வைத்த, பதினைந்து அங்குலக் கண்ணாடித் திரைகள். ஒரு நாள் ஈரத்துணியால் துடைத்தபோது ஒரு சொட்டு நீர் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் அந்தச் சொட்டுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று கடுகுக்கும் சின்னதாக வரிசை கட்டி நின்றன. வெள்ளை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நீரு உள்ள பூந்துட்டு ஷாக்கு அடிக்கப் போவுது, தொடைய்யா மொதல்ல" என்றாள். அந்தப் பயம் எனக்கு அதுவரை வரவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரம் கண்ணாடியை நான் துடைக்கவே இல்லை.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் வருவார். அணு ஆராய்ச்சி ஆபீஸில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர்தான் சொன்னார், இந்த அளவுகளெல்லாம் யாரோ உட்கார்ந்து முடிவு செய்தவை என்று. ஒரு பெரிய கம்பெனி அறுநூற்று நாற்பதுக்கு நானூற்று எண்பது என்று வைத்ததாம். அதற்கு மேல் ஆளுக்கொரு அளவாகப் போய், ஒருவன் செய்த, திரைக்குப் படம் அனுப்பும் கார்டுக்கு இன்னொருவன் எழுதிய புரோகிராம் ஒத்துவராமல் எல்லோரும் திண்டாடினார்களாம். கடைசியில் ஒன்றுகூடிப் பேசி எண்ணூறுக்கு அறுநூறு என்று ஒப்புக்கொண்டார்களாம். அதற்கு அடுத்த படி ஆயிரத்து இருபத்து நாலுக்கு எழுநூற்று அறுபத்தெட்டு. எனக்கு மலைப்பாக இருந்தது. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் யாருக்கு முதலில் என்று ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. அங்கே உலகம் முழுக்க ஒரு கண்ணாடிக்குள் எத்தனை புள்ளி என்று பேசி முடித்துவிட்டார்கள்.

ஆனால் என் கடையில் நாலு திரையும் எண்ணூறுக்கு அறுநூறிலேயே நின்றன. அதற்குக் காரணம் என் பயம். கடை போட்ட புதிதில் ஒரு காலேஜ் பையன் செட்டிங்ஸில் போய் எதையோ மாற்றினான். படம் கிழிந்து மேலும் கீழும் ஓடியது. உள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். நான் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டேன். செங்கல்பட்டிலிருந்து வந்த மெக்கானிக் சரி செய்துவிட்டு, "இதுல மட்டும் கைய வெக்காத தலைவா, பிக்சர் டியூபு போச்சுன்னா மொத்தமும் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றே நாலு திரையின் நெற்றியிலும் காகிதம் ஒட்டினேன்: 'செட்டிங்ஸை மாற்றக் கூடாது.' ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தால்கூட அந்தக் காகிதத்தின் மேல் படாமல் வைப்பேன். எழுத்து பெரிசாகத் தெரிவதால் ஜனங்களுக்கும் சௌகரியமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நர்ஸ் வந்தாள். கடப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு கிராமம், பயிர் வைக்கிற குடும்பம். மதுராந்தகத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டிருந்தாள். அரசாங்க நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம் போட அன்று கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணி வரை. டியூட்டி முடித்து வர மூன்றாகிவிட்டது.

"அடுத்த வருசம் போடலாமே" என்று பேச்சுக்குச் சொன்னேன்.

"அடுத்த வருசம் வயசு தாண்டிரும்ணா. இதான் கடைசி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். 

என் கடையில் வழக்கம் என்னவென்றால், வந்தவர் ஸ்டூலில் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் அடிக்க அடிக்க உரக்கப் படிப்பேன், அவர் ஒவ்வொன்றுக்கும் சரி சொல்ல வேண்டும். அப்பா பெயர் சரியா, இனிஷியல் சரியா, பின்கோடு சரியா. போட்டோ, கையெழுத்து எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். அந்தப் பக்கம் மட்டும் தனிச் சன்னலாகத் திறந்து திரையை அடைத்துக்கொண்டது. எல்லா விவரமும் அதில் இருந்தது. அனுப்புகிற பட்டனைத்தான் காணோம். கீழே தள்ளிப் பார்க்கலாம் என்றால் தள்ளுகிற பட்டையும் இல்லை. காத்திருந்தோம். இருபது நிமிடத்தில் நேரம் முடிந்தது என்று வந்து எல்லாம் அழிந்துபோனது.

நெட் மோசம் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து அடித்தோம். அதே இடம், பட்டன் இல்லை. வேறு கம்ப்யூட்டருக்கு மாறி மூன்றாம் தடவை. எத்தனை கம்ப்யூட்டர் மாறி என்ன, நாலையும் ஒரே மாதிரி வைத்தவன் நான்தானே. மணி நாலரை. அடுத்த தெருக் கடையில் கூட்டம் வாசல் வரை நின்றது. 

நர்ஸ் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். ஈ.சி.ஜி. தாளைப் பார்த்துப் பழகிய கண் போலிருக்கிறது. திரையின் கீழ் ஓரத்தில், ஸ்டார்ட் பட்டன் இருக்கும் பட்டைக்கு மேலே, சாம்பல் நிறத்தில் மயிரிழை ஒன்றை விரலால் தொட்டாள்.

"இங்க இன்னாவோ தலைய நீட்டிகினு கீதுண்ணா."

பார்த்தேன். பட்டனின் மேல் விளிம்பு. இரண்டு புள்ளி உயரம் இருக்கும். மிச்சம் முழுக்கத் திரைக்குக் கீழே, இல்லாத இடத்தில் இருந்தது. அப்போதுதான் முதல் பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில் இருந்த சின்ன வரி நினைவுக்கு வந்தது. ஆயிரத்து இருபத்து நாலுக்கு எழுநூற்று அறுபத்தெட்டில் பார்க்கவும் என்று. எத்தனையோ பக்கங்களில் அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். நமக்கில்லை என்று விட்டுவிடுவேன்.

"செட்டிங்ஸ் மாத்தணும்மா. ஆனா மாத்தக் கூடாது. டியூபு போயிரும், நீ அடிச்சதும் போயிரும்."

அவள் நெற்றிக் காகிதத்தைப் படித்தாள். "இத எழுதுனது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீயே அழிச்சிக்கலாம். நானும் மொத ஊசி போடுறப்ப நடுங்குனவதாண்ணா. ஆனா பேசண்ட் அங்க படுத்துகினு கீறாரே, இன்னா பண்றது? மாத்துண்ணா."

உள்ளே வந்த என் மனைவி, "கம்ப்யூட்டரு இன்னா பாம்பா, கடிக்கறதுக்கு? போய்யா" என்றாள்.

செட்டிங்ஸைத் திறந்தேன். அளவை நகர்த்துகிற குமிழை மவுஸால் பிடித்தேன். அவசரத்தில் கை நிற்காமல் கடைசி வரை போய்விட்டது. அப்படியே சரி என்று அழுத்திவிட்டேன். டிக் என்று ஒரு சத்தம். திரை இருண்டது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் மிதந்தது, இந்தத் திரைக்குத் தாங்காது என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு.

என் கை தானாக சுவிட்சுக்குப் போனது. நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நாடி பார்க்கிற பிடி.

"இரு. அவசரப்படாத."

"போச்சும்மா."

"போவட்டும். இரு."

அந்த இருட்டில் அவள் உதடு எண்ணுவது போல அசைந்தது. நான் அவளுடைய கடைசி வாய்ப்பையே தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பதினான்கு, பதினைந்து வந்திருக்கும். மறுபடி டிக். எண்ணூறுக்கு அறுநூறு அப்படியே திரும்பி வந்து நின்றது. அடித்ததெல்லாம் இருந்தது. ஓர் எழுத்துகூடக் குறையவில்லை.

அது என்னவென்று பிறகுதான் எனக்கு விளங்கியது. அளவை மாற்றினால் இயந்திரம் நம்மிடம் கேட்கிறது, இப்படியே இருக்கட்டுமா என்று. பதினைந்து வினாடிக்குள் யாரும் ஆமாம் என்று சொல்லாவிட்டால், எதிரே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று புரிந்துகொண்டு, பழையபடி திரும்பிவிடுகிறது. இதை எழுதியவர் எந்த நாட்டிலோ இருக்கிறார். இருட்டில் உட்கார்ந்து கலங்கப்போகிற ஒருவனை, என்னை மாதிரி ஒருவனை, அவர் முன்னாலேயே நினைத்துப் பார்த்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் எனக்காக இவ்வளவு தூரம் யோசித்த இன்னொரு மனிதரை நான் கண்டதில்லை.

இரண்டாவது தடவை நர்ஸ் என் கை மேல் கை வைத்து, குமிழைச் சரியான இடத்தில் நிறுத்தினாள். டிக். ஒரு கணம் கறுப்பு. பிறகு படம் விரிந்தது.

அதை எப்படிச் சொல்வது. அதே கண்ணாடி, அதே பதினைந்து அங்குலம். ஒரு நூல்கூட நீளவில்லை. ஆனால் உள்ளே இடம் வந்துவிட்டது. அடைந்து கிடந்த சன்னல் சின்னதாகி நடுவில் நின்றது, சுற்றிலும் வெறும் நீலம், கோவளத்துக்கு அப்பால் தெரியும் கடல் மாதிரி. மூன்று லட்சம் புள்ளிகள் எங்கிருந்தோ கூடுதலாக வந்து உட்கார்ந்திருந்தன. இத்தனை வருஷமும் அவற்றுக்கான இடம் உள்ளேயே காலியாக இருந்திருக்கிறது. நான்தான் காகிதம் ஒட்டி வைத்திருந்தேன்.

"யப்பா, பட்டன் கீதுண்ணா!" என்று அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டாள்.

மணி நாலு ஐம்பது. வழக்கம்போல நான் எல்லாவற்றையும் மறுபடி உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். "அப்பா பேரு..." "எல்லாம் சரிதாண்ணா, அமுத்து!" என்று அவளும் என் மனைவியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அழுத்தினேன். விண்ணப்ப எண் வந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடப்பாக்கம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அன்று இரவுக்குள் மற்ற மூன்று திரைகளையும் மாற்றிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான். அதன்பின் தட்டைத் திரைகள் வந்தன. அகலம் கூடியது, சதுரத்துக்குப் பக்கமாக இருந்த வடிவம் நீளமாகிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு ஆயிரத்து எண்பது வந்தபோது புள்ளிகள் இருபது லட்சத்தைத் தாண்டின. இப்போது வருகிறவர்களின் சட்டைப்பையில் இருக்கும் போனிலேயே அதைவிட அதிகம். அவர்கள் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நான் ஒவ்வொரு முறையும் எண்ணுகிறேன்.

மாதங்கள் கழித்து அந்த நர்ஸ் வேலைக்குத் தேர்வானவர்களின் பட்டியல் வந்தது. முப்பது நாற்பது பக்கம், பொடி எழுத்து, பக்கத்துக்கு ஏழு பத்தி. கடைசிப் பத்தி வரை ஒரே பார்வையில் தெரிந்தது. குறித்து வைத்திருந்த அவளுடைய விண்ணப்ப எண்ணைத் தேடினேன். கண்டுபிடித்தேன். நம்பவில்லை. ஸ்கேல் வைத்துக் குறுக்கே கோடு பிடித்துப் பார்த்தேன். மனைவியைக் கூப்பிட்டேன்.

"அதே நம்பருதான்யா. இன்னும் எத்தினி தபா பாப்ப? போனப் போடு."

போட்டேன். பஸ்ஸில் இருந்தாள். ஒரே இரைச்சல். செய்தியைச் சொல்லாமல் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"அண்ணா, நம்பரு எனக்கே தெரியும்ணா! என் பேரு லிஸ்ட்ல கீதா, இல்லியா? சத்தமா சொல்லு!"

"கீதும்மா" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே, அவள் பக்கத்தில் யாரோ ஒரு பெண்மணி, "இன்னாடி, இன்னாத்துக்கு அழுவுற?" என்று கேட்பதும், அவள் சிரிப்பதும் கேட்டது.