இரண்டு வண்டியும் என் வயிறும்

வண்டி வாங்குவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் ஆளாளுக்கு நிபுணர் ஆகிவிட்டார்கள். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் என் கணவருக்கு ஹைபிரிட் சொகுசு வண்டிதான் வேண்டும். ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் மருமகனுக்கு எலக்ட்ரிக். சாயங்காலமானால் வீடியோ காலில் பட்டிமன்றம் தொடங்கிவிடும்.

"கரண்ட்லயும் ஓடும், பெட்ரோல்லயும் ஓடும். நடுரோட்ல நின்னுக்கினு யாரையும் கெஞ்ச வேணாம் பாருங்க" என்பார் இவர்.

"வீட்லயே சார்ஜ் போட்டுக்கலாம் மாமா. அப்புறம் எதுக்கு பங்க்ல போய் நிக்கணும்?"

"அப்டியே வாங்குனாலும், கழனி மோட்டார் கொட்டாய்லருந்து ஒயர் இழுத்துட்டா ஃப்ரீ கரண்டு" என்றார் இவர்.

பயிருக்குக் கொடுக்கிற இலவச மின்சாரத்தில் கார் ஓட்டப் பார்க்கிறார் மனுஷன். "மாட்டிக்கினு ஊர் சிரிக்கணுமா?" என்று நான் போட்ட சத்தத்தில் மருமகன் போனையே வைத்துவிட்டார்.

இதில் என்னை ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வண்டி வாங்குவதே எனக்காகத்தான். எங்கள் மகள் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்தாள். ஏழாம் மாதம் ஓசூரில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. அது முடிந்ததும் தாய் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். எங்கள் வழக்கத்தில் பெற்றவள்தான் போய் அழைத்துவரவேண்டும். டாக்டரோ ரயில் வேண்டாம், பஸ் வேண்டாம், குலுங்காத காரில் சாய்ந்தபடி வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் கார் ஆகாது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினால் போதும், வயிறு புரட்டிக்கொண்டு வாந்தி வரும். மாத்திரை, இஞ்சி மிட்டாய், கையில் எலுமிச்சம்பழம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்க வேலூருக்குக் கிளம்பிய அன்று செஞ்சியிலேயே இறங்கிவிட்டேன். அப்பாவும் மகளும் போனார்கள். நான் சோடா குடித்துவிட்டு ஜன்னலோர சீட்டாகப் பார்த்து பஸ்ஸில் திரும்பினேன். அங்கே மற்ற பிள்ளைகளுக்கு அம்மாக்கள் படுக்கை விரித்துக் கொடுக்க, இவள் தானே விரித்துக்கொண்டாளாம். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என்னால்தான் இன்றைக்கும் அதை மறக்க முடியவில்லை.

இந்த முறை பாதியில் இறங்கமாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டேன்.

இவர் மண்டிக்காரர். மூட்டையின் மேலே இருக்கும் காயை நம்பமாட்டார். நடுவில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உடைத்து, பருப்பை எடை போட்டுப் பார்த்துத்தான் விலை பேசுவார். வண்டிக்கும் அப்படித்தான் சாம்பிள் பார்ப்பேன் என்றார். விழுப்புரம் ஷோரூம்காரர்கள் பைபாஸில் வழவழவென்று ஒரு சுற்று சுற்றிக்காட்டுவதெல்லாம் அவரிடம் எடுபடவில்லை. இரண்டு வண்டிக்கும் ஒரே ரோடு, விழுப்புரத்திலிருந்து பனமலை ஏரிக்கரை வரை. ஒரே நேரம், காலை ஒன்பது மணி. அதோடு விட்டாரா? நான் சாப்பிடுவதும் இரண்டு நாளும் ஒன்றாக இருக்கவேண்டுமாம். இரண்டே இட்லி, சட்னி கிடையாது.

"நான் இன்னா மல்லாட்டையா?" என்று கேட்டேன்.

"நீ கம்முனு வா. உன் வயிறுதான் இங்க எடைக்கல்லு" என்றார்.

முதல் நாள் ஹைபிரிட். பின் சீட்டு சோபா கணக்காக இருந்தது. ஷோரூம் தம்பி மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டு, கூடவே ஏதோ சென்ட்டையும் அடித்துவைத்தான். இவர் ஓட்டினார். பனமலை வரை பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டேன். மலைமேல் கோயில் தெரிந்ததும் ஜெயித்தாயிற்று என்றுகூட நினைத்தேன். திரும்பும்போது ஒரு வளைவில் வந்துவிட்டது.

மறுநாள் எலக்ட்ரிக். சத்தமே இல்லை, நமக்கு இதுதான் சரி என்று சந்தோஷமாக ஏறினேன். அதில் ஒரு குணம் உண்டு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வேகம் குறையும். இவருக்கோ பழைய வண்டிப் பழக்கம், பள்ளத்துக்குப் பள்ளம் காலை எடுத்து எடுத்து அமுக்குவார். வண்டி குனிந்து குனிந்து நிமிர்ந்தது. பாதி தூரம்கூடத் தாங்கவில்லை. இரண்டு இட்லியும் ரோட்டோரப் புளியமரத்தடிக்குப் போயின.

"சாம்பிள் சொல்லிடுச்சு, ஹைபிரிட்டுக்கே அட்வான்ஸ் குடுத்துர்லாம்" என்றார் இவர், தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே. "ஓசூருக்கு வேணா நான் மட்டும் போய்க் கூட்டிக்கினு வர்றேன். நீ வீட்ல ஆரத்தி கரைச்சு வெய்யி."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! என் பெண்ணை அழைத்துவர நான் போகாமல், வாசலில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதா? வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். அந்த வேகத்தில்தான் மண்டையில் உறைத்தது. விழுப்புரத்தில் முப்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்தவள் நான். தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டர், அங்கிருந்து ரயில். வெயிலிலும் மழையிலும் அந்த ஸ்கூட்டரை ஓட்டியிருக்கிறேன். ஒரே ஒரு நாள் குமட்டியதுண்டா? கிடையாது.

"இன்னாங்க, என்னிக்காவது என்னை முன்னால உக்கார வெச்சிருக்கீங்களா?"

"முன்னாலன்னா... என் பக்கத்திலயா?"

"உங்க பக்கத்தில இல்ல. உங்க சீட்ல."

கூட வந்திருந்த ஷோரூம் தம்பிக்கு இருமல் வந்துவிட்டது. ஆனால் தப்பு எங்கள் எல்லோருடையதும்தான். கல்யாணமான நாளிலிருந்து கார் என்றால் ஆண் ஓட்டுவார், நான் பின்னால் உட்கார்வேன். மூட்டைக்கு நடுவில் கையை விடும் மனுஷருக்கு அந்த இடத்தை மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, ஸ்கூட்டர் சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டே!

அட்வான்ஸை நிறுத்தினேன். திண்டிவனத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கே இருந்தது கியர் வைத்த ஓட்டை வண்டி. "மேடம், அவ்ளோ ஜல்தியா கிளட்ச்ச வுடாதீங்க!" என்று மாஸ்டர் கத்தாத நாள் இல்லை. கத்தட்டுமே. வண்டியில் டீசல் வாடை, மாஸ்டர் வாயில் பாக்கு வாடை, எனக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே மறுபடி விழுப்புரம் போய் இரண்டு வண்டியையும் நானே ஓட்டினேன். இவர் பின் சீட்டில் உட்கார்ந்து மேலே இருக்கும் கைப்பிடியை விடவே இல்லை.

ஹைபிரிட்டைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல வண்டி. ஆனால் அதில் என் கால் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் அலைந்துகொண்டே இருந்தது. எலக்ட்ரிக்கில் அந்த அலைச்சல் இல்லை. காலை மெதுவாகத் தளர்த்தினால் வண்டியும் மெதுவாக அடங்கியது. ஸ்கூட்டர் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பழகியவளுக்கு இதைச் சொல்லியா கொடுக்க வேண்டும்? இவர் ஓட்டி என் குடலைப் புரட்டிய அதே குணம் எனக்குச் சொன்னபடி கேட்டது. அன்றைக்கே எலக்ட்ரிக்கை எழுதச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஓசூர் போகும்வரை தினமும் நெடுஞ்சாலையில் திண்டிவனம், விழுப்புரம் என்று போய்வந்தேன். சார்ஜ் எல்லாம் வீட்டு மீட்டரிலிருந்துதான். ஓசூருக்கும் நானேதான் ஓட்டிப்போனேன், மகளிடம் மட்டும் சொல்லவில்லை.

விடியற்காலை முகூர்த்தத்திலேயே வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு மகள் காரிடம் வந்தாள். டிரைவர் சீட்டில் என்னைப் பார்த்ததும் அவள் முகமே மாறிவிட்டது.

"நீயா ஓட்டப் போற? ம்மா... இன்னிக்கு வேணாம்மா. அப்பா ஓட்டட்டும்."

சம்பந்தியம்மாவும் வாயைத் திறக்கப் போனார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இறங்கவில்லை.

"கிருஷ்ணகிரி வரைக்கும் வா. அங்கயும் பயமா இருந்துச்சுன்னா நானே சாவிய அப்பாகிட்ட குடுத்துர்றேன்."

பின்னால் அப்பா மடியில் தலையணை வைத்துச் சாய்ந்தாள். கண்ணாடியில் பார்த்தேன்; கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். வேகத்தடை தூரத்தில் தெரியும்போதே காலைத் தளர்த்தினேன். கிருஷ்ணகிரி வந்தது. நான் வண்டியை ஓரம் கட்டப் போனேன்.

"ஏன் நிறுத்தற? போம்மா" என்றாள்.

திருவண்ணாமலையில் சார்ஜ் போட்ட நேரத்தில் இறங்கி நடந்து, இளநீர் குடித்தாள். மறுபடி கிளம்பியதும் அப்பா மடியில் சாய்ந்துகொண்டாள். செஞ்சிக் கோட்டை கடந்ததையும் பார்க்கவில்லை. திண்டிவனத்தில் எங்கள் வாசலில் நிறுத்தியபோது பிற்பகல் மூன்று மணி, நல்ல வெயில். இவர் கதவில் கை வைத்தார்.

"கம்முனு உக்காருங்க" என்றேன், குரலே எழாமல். "தூங்கறா."

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, வண்டியில் வேறு சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். வாயை லேசாகத் திறந்து, வளையல் கை வயிற்றின்மேல் கிடக்க, அசந்து தூங்கினாள். என் பெண் நான் ஓட்டிய வண்டியில் பயமில்லாமல் தூங்கியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளாக விழிக்கட்டும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.