ஜவுளிக்கடைக்குப் பின்னால் ஒரு வீடு

அக்காவுக்குப் பினாங்கு மாப்பிள்ளை பேசி வந்தபோது, அவரைப் பற்றி விசாரிக்க எங்களுக்குக் கிடைத்தவர் ஒரே ஒருவர்தான். பினாங்கில் பாடம் நடத்திவிட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்பியிருந்த சரித்திரப் பேராசிரியர். இருந்து வந்த ஊர்களை வைத்து நாவல் எழுதுபவர். மாப்பிள்ளை கணக்கெழுதும் ஜவுளிக்கடை அவர் குடியிருந்த தெருவிலேயே இருந்ததாம்.

"தங்கமான பையன்" என்று விசாரிக்கப் போன அப்பாவிடம் சொன்னார்.

குடி இல்லை, சீட்டு இல்லை, சம்பளம் ஒழுங்கு. மூன்றையும் மூச்சுவிடாமல் சொன்னவர், உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாராம். எனக்கு அந்த மழைதான் உறுத்தியது.

நான் அப்போது படவரைவுப் படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். புது நாவலுக்கு அந்தத் தெருவின் வரைபடம் வேண்டுமென்று அவர் கேட்டிருந்ததால், எங்கள் ஊரான இலுப்பூரிலிருந்து பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் சொல்லச் சொல்லப் பென்சிலில் போட்டுக்கொண்டு வந்தேன். படகுத்துறை, மருந்துக்கடை, காப்பிக்கடை, ஜவுளிக்கடை.

"கடைக்குப் பின்னால ஒரு சின்ன வீடு போடும்மா. வாசல்ல துணி காயப்போடுற கொடி."

"யார் வீடு சார்?"

"கணக்கப்பிள்ளை வீடு. அந்த ஊர்ப் பொண்ணைக் கட்டிக்கிட்டு, புள்ளையோட இருக்கான்."

"அந்தத் தெருவுல எத்தனை ஜவுளிக்கடை சார்?"

"ஒண்ணுதா..." நிறுத்திக்கொண்டார். பிறகு சிரித்தார். "கதைம்மா அது."

"மத்ததெல்லாம் இருந்த எடத்துலயே இருக்கு. இது மட்டும் கதையா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒங்க அப்பா குடிப்பானான்னு கேட்டாரு, சீட்டாடுவானான்னு கேட்டாரு. குடும்பம் இருக்கான்னு கேக்கலையே. நல்ல காரியத்துல நான் எப்படிம்மா குறுக்க நிக்கிறது?"

"நாவல்ல மட்டும் நிக்கலாமா சார்?"

மை போடாத தாளைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் விஷயத்தைச் சொல்லித் தாளை விரித்தேன். அப்பா குனிந்து பார்த்தார். "வெள்ளிக்கிழமை தட்டு மாத்த வரச் சொல்லியாச்சு. அக்கரைக்குப் போனவனுக்கு இப்படி ஒண்ணு ரெண்டு இருக்கும். தாலி ஏறுனா எல்லாஞ் சரியாயிரும்."

அக்கா கொடியின் மேல் விரலை வைத்தாள். "சரியாயிட்டா, இந்தப் பொண்ணும் புள்ளையும் எங்கிட்டுப்பா போகும்?"

அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். தட்டு மாற்ற வர வேண்டாமென்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டு, இருட்டிய பிறகுதான் திரும்பினார்.

இந்த வருடம் நாவல் வந்தது. வரைபடம் இல்லை. ஜவுளிக்கடை மருந்துக்கடையாகியிருந்தது. அதன் பின்னால் அதே வீடு, அதே கொடி.