மார்க்கு அக்கா

"மதிப்பீட்டாளர் சார்பற்றவர். முகபாவம் காட்டாதவர். படிவத்தில் உள்ளதைத் தவிர ஒரு சொல்லும் பேசாதவர்."

மருந்து ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் எண் அறைக் கதவில் இப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர், "ஏண்ணே இப்படி இளைச்சுட்டீங்க? வீட்டுல சாப்பாடு போடறாங்களா இல்லையா?" என்று கேட்டபடி படிவத்தைப் புரட்டுகிறார்.

ஐம்பத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பில் பிளாஸ்திரி. தோல் நோய்ப் பிரிவில் நர்ஸாக இருந்து இங்கே வந்தவர். பதிலுக்கெல்லாம் மார்க்குப் போடுவதால் மார்க்கு அக்கா என்பது நோயாளிகள் வைத்த பெயர். அறுபத்தைந்து வயதுக்காரரும் அவரை அக்கா என்கிறார். அவரும் பதிலுக்கு அண்ணே என்கிறார். இருவருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை.

சொரியாசிஸ் வந்து தோல் செதில் செதிலாக உரிகிறவர்களில் பலருக்கு மனமும் சோர்ந்துபோகிறது. தோலுக்கான புது மாத்திரை மனதையும் தேற்றுமா என்பதுதான் ஆய்வு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. தோலை அளக்க நோயாளியின் சொந்தக் கைதான் அளவுகோல். ஒரு கை என்பது உடம்பில் நூற்றில் ஒரு பங்கு. "முழங்கைல ரெண்டு கை, முதுகுல மூணு" என்று துணி அளப்பதுபோல் சொல்லிச் சொல்லி எழுதுவார். மனதை அளக்க ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றும் "கடந்த இரண்டு வாரங்களில்" என்று தொடங்கும். ஒருநாளும் இல்லையென்றால் சைபர். அநேகமாக எல்லா நாளும் என்றால் மூன்று.

நாளைக்குப் பதினான்கு பேர். ஐந்து வருடமாக இதே கேள்விகள். மாலையில் அவருடைய குரல் ஈரத்துணியை உதறிப் போட்டதுபோல் தொங்கும். அந்த வாக்கியம் வீட்டுக்கும் தொற்றிவிட்டது.

"கடந்த ரெண்டு வாரத்துல எத்தனை நாளுங்க உங்களுக்குச் சலிப்பா இருந்துச்சு?"

"முப்பது வருஷத்துக்குச் சேத்துக் கேளு, சொல்றேன்" என்றார் கணவர். தலையில் பின்பக்கம் மட்டும் முடி மிச்சமுள்ள மனிதர்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து கோப்புகளை இரண்டு நாள் புரட்டினார். "பாதிப் பேருக்கு வெத்து மாத்திரைதானே மேடம்? உங்க ரூம்ல மட்டும் அத்தனை பேரும் சொல்லிவச்ச மாதிரி எப்படி மனசு தேறிடறாங்க?"

"என் கை ராசிங்க" என்றார் மார்க்கு அக்கா. நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் நோயாளிகளில் ஒருவரான முடிதிருத்துகிறவர் வந்தார். வந்ததும் வராததுமாக, "உங்க வீட்டு அண்ணன் தலைல இருக்கிற அந்த நாலு முடியையும் நான்தான் வெட்டுவேன், வேற எவன்கிட்டயும் விட்டுடாதீங்கக்கா" என்று ஆரம்பிக்கிற மனிதர். அன்று நேராக வந்து உட்கார்ந்தார். கைகளைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். அளந்தபோது, போன மாதம் எட்டுக் கையாக இருந்தது பதினான்காகியிருந்தது. விரல்களெல்லாம் வெடித்திருந்தன.

"கடை எப்படித் தம்பி ஓடுது?"

"மூடிட்டேன்க்கா. என் கையைப் பாத்தா எவனும் கழுத்தைக் கொடுக்க மாட்டேங்கறான்."

கேள்விகள் தொடங்கின. தூக்கம்? சைபர். பசி? சைபர். ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் பற்றியது. அதைப் படித்து முடிக்கும் முன்பே, "அதுவும் சைபர் போட்டுக்குங்க" என்றார்.

"நெசமாவா?"

"நீங்க பாவம்க்கா. இவ்வளவு அக்கறையா பாத்துக்கறீங்க. உங்ககிட்ட வந்து மூணு, மூணுன்னு எப்படிச் சொல்றது? வெளியில நாங்க பேசிக்கறதுதான், அக்கா மனசு கஷ்டப்படும், கம்மியாச் சொல்லுங்கடான்னு."

மார்க்கு அக்காவின் பேனா நின்றது. கை ராசியும் அங்கேயே நின்றது.

எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கி, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். முதல் கேள்வியிலிருந்து மறுபடி படித்தார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. தம்பி இல்லை, சாப்பாடு இல்லை. கதவில் ஒட்டிய தாளுக்கு ஐந்து வருடத்தில் முதல்முறையாக ஓர் ஆள் கிடைத்தார்.

முதுகுக்குப் பின்னால் பதில்கள் மெல்ல வந்தன. இரண்டு. மூன்று. மூன்று. ஒன்பதாவதைப் படித்துவிட்டுக் காத்திருந்தார். சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணுக்கா" என்றது குரல். "சவரக்கத்தியைக்கூட வீட்டுக்காரிகிட்ட கொடுத்துட்டேன், எங்கயாச்சும் ஒளிச்சு வைன்னு."

மூன்று என்று எழுதிவிட்டு டாக்டரைப் போனில் கூப்பிட்டார். டாக்டர் வரும்வரை அந்த மனிதரை அறையில் தனியாக விடவில்லை.

விதிப்படி முடிதிருத்துகிறவர் ஆய்விலிருந்து விலக்கப்பட்டார். மனதுக்கும் தோலுக்கும் தனித்தனியாக முறையான சிகிச்சை தொடங்கியது. மார்க்கு அக்கா தன் கோப்புகள் எதையும் நம்ப வேண்டாம் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். ஒன்பது கேள்விகளும் பக்கத்து அறையில் இருந்த, யாரிடமும் சிரிக்காத ஒருவருக்குப் போயின. அக்காவுக்குத் தோலின் கையளவு மட்டும் மிஞ்சியது.

இரண்டு மாதம் கழித்து முடிதிருத்துகிறவரின் கடை திறந்தது. விரல்கள் முழுக்க ஆறவில்லை. காலையிலிருந்து வாசல்வரை வந்த இரண்டு பேர் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள்.

பதினோரு மணிக்கு மார்க்கு அக்கா கணவரைக் கூட்டிக்கொண்டு போய், தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற முதல் நாற்காலியில் உட்கார வைத்து, அவர் சட்டைக் காலரைக் கழுத்துக்குக் கீழே மடித்துவிட்டார்.